நடுவில் இருப்பவரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க மருந்து விலை பற்றிய கட்டுரை படித்தேன். மருந்துக் கம்பெனிகளை வெளுத்து வாங்கியிருக்கிறீர்கள், சரி. ஆனால் பி.பி.எம். என்கிற, காப்பீட்டுத் திட்டங்களின் சார்பில் மருந்துக்கடைகளுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் இடைத்தரகர்களைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே? சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் ஆகிய மூன்றும்தான் அங்கே ஏறக்குறைய 80 சதவீத மருந்துச் சீட்டுகளைக் கையாளுகின்றன.

நான் அங்கே ஒரு சின்ன மருந்துக்கடையில் வேலை பார்த்தவன். சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் சில நொடிகளில் பதில் வந்துவிடும், நோயாளி இவ்வளவு கட்ட வேண்டும், கடைக்கு இவ்வளவு வரும் என்று. பல சமயம் அது மொத்த வியாபாரி போட்ட பில்லைவிடக் குறைவாக இருக்கும். கொடுத்தால் கடைக்கு நஷ்டம், இல்லை என்றால் எதிரே நிற்கிறவர் நம்மைத்தான் திட்டுவார்.

இதைத் தடுக்கத்தான் ஆர்கன்சா மாநிலம் 2015-ல் சட்டம் போட்டது, கடைக்காரர் வாங்கிய விலையாவது கிடைக்க வேண்டும் என்று. இடைத்தரகர்களின் சங்கம் உடனே கோர்ட்டுக்குப் போனது. கையில் எடுத்த ஆயுதம் எரிசா, அதாவது தொழிலாளர்களின் பென்ஷனையும் மருத்துவச் சலுகைகளையும் காப்பாற்ற 1974-ல் வந்த மத்திய அரசுச் சட்டம்! கம்பெனிகள் தொழிலாளர்களுக்குத் தரும் மருத்துவத் திட்டங்களில் மாநிலச் சட்டம் தலையிடக் கூடாது என்கிறது அது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று மாநிலத்தின் பக்கம் நின்றது. விலையை ஒழுங்குபடுத்தலாம், அதனால் செலவு கூடினாலும் எரிசா குறுக்கே வராது என்றார்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். ஒக்லஹோமா மாநிலம் 2019-ல் போட்ட சட்டம், நோயாளி தனக்குப் பிடித்த கடையில் வாங்கலாம், சலுகை காட்டி இடைத்தரகரின் சொந்தக் கடைக்கு இழுக்கக் கூடாது என்றது. அதன் முக்கியப் பிரிவுகளை 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது, எரிசா காக்கும் மருத்துவத் திட்டத்தின் அமைப்பிலேயே அது கைவைப்பதாம். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்கவே இல்லை. விலையைக் கட்டிப்போட்டு என்ன பயன், வாடிக்கையாளரையே தங்கள் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டால்?

அப்புறம் ஆர்கன்சா, பி.பி.எம். மருந்துக்கடையே வைத்திருக்கக் கூடாது என்று 2025-ல் இன்னொரு சட்டம் போட்டது. அது அமலுக்கு வருமுன்பே ஜூலையில் தடை வாங்கிவிட்டார்கள். வெளிமாநிலக் கம்பெனிகளைக் குறிவைப்பது போல் இருக்கிறது என்பது நீதிபதி சொன்ன காரணங்களில் ஒன்று. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அவசரத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் ஒக்லஹோமா விஷயத்தில் மாநிலம் எவ்வளவு கவனமாக எழுதினாலும் எரிசா இப்படியே இருக்கும்வரை சுவரில் முட்டிக்கொள்வதுதான். திருத்த வேண்டியது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். அடுத்த கட்டுரையில் கேள்வியை அங்கே கேளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மருந்துக்கடை ஊழியர் ஒருவர்