எங்கே பிறப்பது நல்லது என்ற உங்கள் கேள்வி

அன்புள்ள பல்லவி ஐயர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவில் வாழ்ந்த அனுபவத்தைப் பற்றி நீங்கள் எழுதி 2008இல் வந்த 'ஸ்மோக் அண்ட் மிரர்ஸ்' புத்தகத்தை இப்போதுதான் படித்து முடித்தேன். சீனாவைப் பற்றி நம் பக்கம் எழுதுகிறவர்கள் ஒன்று வாய் பிளக்கிறார்கள், இல்லையென்றால் திட்டுகிறார்கள். நீங்களோ பெய்ஜிங்கில் பாடம் நடத்தி, ஹூதோங் எனப்படும் பழைய சந்தில் குடியிருந்து, அங்கிருந்து எழுதியிருக்கிறீர்கள்.

2003இல் சார்ஸ் தொற்று பரவிய காலத்தைப் படித்தபோது கோவிட்தான் நினைவுக்கு வந்தது. அன்றும் முதலில் நோயாளிகளின் எண்ணிக்கையை மறைத்தார்கள். ஜியாங் யான்யோங் என்ற ராணுவ மருத்துவர் உண்மையைச் சொன்ன பிறகுதான் சுகாதார அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள். அப்புறம் பெய்ஜிங்கை அடுத்த சியாவ்தாங்ஷானில் ஒரே வாரத்தில் ஒரு மருத்துவமனை எழுந்தது. பொய் சொன்னதும் அதே அரசு, கட்டி முடித்ததும் அதே அரசு.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது, இந்தியாவா சீனாவா, எங்கே பிறப்பது நல்லது என்ற உங்கள் கடைசிக் கேள்விதான். ஓரளவு வசதியுள்ள வீட்டில் பிறப்பதென்றால் இந்தியா, ஏழையாகப் பிறப்பதென்றால் சீனா என்கிறீர்கள். கழிப்பறை சுத்தம் செய்கிறவருக்கு அங்கே இருக்கும் மரியாதையையும் சொல்கிறீர்கள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. இந்தியாவில் கையால் மலம் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டம் தடை செய்தது, 2013இல் இன்னொரு சட்டம். இன்றும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி மனிதர்கள் சாகிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஓட்டுரிமை இருந்தும் இதை நம்மால் நிறுத்த முடியவில்லை.

இருந்தாலும் உங்கள் பதிலை நான் முழுசாக ஏற்கவில்லை. சீனாவில் எந்த ஏழை என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1958 முதல் ஹூகோ என்ற குடும்பப் பதிவு முறை, கிராமத்தில் பிறந்தவரைக் கிராமத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது. அவர் பெய்ஜிங்குக்கு வந்து வேலை செய்யலாம், ஆனால் பிள்ளையை அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. லட்சக்கணக்கான குழந்தைகள் தாத்தா பாட்டியிடம் ஊரிலேயே வளர்கிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு முந்தைய ஆண்டுகளில் ஹூதோங்குகளைச் சந்து சந்தாக இடித்தபோது அங்கே வாழ்ந்தவர்களின் பேச்சு எடுபடவில்லை. வயிறு நிறைவது பெரிய விஷயம்தான். ஆனால் வீடு போகும்போது எதிர்த்து நிற்க ஓர் இடம் வேண்டும், அது ஏழைக்குத்தான் எல்லோரையும்விட அதிகம் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் மறுபடி பெய்ஜிங் போனால், இன்று அங்கே கழிப்பறை சுத்தம் செய்கிறவர்கள் எந்த மாகாணத்திலிருந்து வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். உங்கள் பதில் அப்போதும் அதுவேதானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகன்