தூக்கிப் போடுமுன் ஒரு வார்த்தை: கலைத்துறைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் மாணவர்களுக்கு நீங்கள் அனுப்பும் செய்திமடல் போன வாரம் கிடைத்தது. புதிய கணினிக்கூடம் பார்க்க நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள். நான் எழுதுவது கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த இரண்டு வரியைப் பற்றி. இட நெருக்கடியால் கீழ்த்தளச் சேமிப்பறையில் இருந்த பழைய மாணவர் படைப்புகள் அப்புறப்படுத்தப்பட்டனவாம். மேல்மாடி அறையும் அடுத்த பருவத்துக்குள் காலி செய்யப்படுமாம். அவ்வளவுதான் செய்தி. அதற்கு மேலே அரைப் பக்கத்துக்கு நன்கொடை வேண்டுகோள்.

இதைப் பற்றி மலாயில் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. சரி, தமிழில் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் துறையிலேயே தமிழ் வாசிக்கத் தெரிந்த விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள், யாராவது படித்துச் சொல்வார்கள். என்னைப் போலப் படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் கண்ணிலும் படும்.

நான் கேட்பது ஒன்றுதான். மேல்மாடி அறையில் கை வைக்குமுன், எது யாருடைய படம் என்று ஒரு பட்டியல் எடுத்து, எங்களுக்குச் சொல்லி, எங்கள் படங்களை எங்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

நம் பினாங்கு ஜோர்ஜ் டவுனுக்கு உலகப் பாரம்பரிய நகரம் என்று யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த மறு ஆண்டு, 2009இல், நான் அச்சுக்கலை முடித்தேன். இறுதியாண்டுப் படைப்பு ஒரு பெரிய லினோ அச்சு, அதாவது லினோலியம் பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் எடுக்கும் படம்: லிட்டில் இந்தியாவில் அம்மா மாலை கட்டிக்கொண்டிருந்த பூக்கடை. கடை முன்னால் ‘வாழை இலை கிடைக்கும்’ என்று ஒரு பலகை தொங்கும். லினோவில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். எல்லா எழுத்தையும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சரியாகத் திருப்பிவிட்டு, ‘ழை’யை மட்டும் பழக்கதோஷத்தில் நேராகச் செதுக்கிவிட்டேன். அச்சில் அது திரும்பி நின்றது. அந்த லினோ பலகையைத் தூரப் போட்டுவிட்டு, வேறு லினோ வாங்கி, முதலிலிருந்து செதுக்கினேன். மூன்று வாரம். கட்டைவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மொத்தம் நான்கு பிரதிகள் எடுத்தேன். இரண்டு இறுதியாண்டுக் கண்காட்சியில் விற்றன. வாங்கியவர்கள் யாரென்று தெரியாது. ஒன்று அம்மாவுக்கு. ஒன்றையும் செதுக்கிய பலகையையும் துறையின் சேகரிப்புக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். தேர்ந்தெடுத்த படைப்புகளைத்தான் வைத்துக்கொள்வோம் என்றார்கள். பெருமையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

2017 நவம்பர் வெள்ளத்தில் அம்மாவின் பிரதி போய்விட்டது. சுவரில் மாட்டியிருந்தால் தப்பித்திருக்கும். புதுச் சட்டம் போடலாம் என்று கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். “காலேஜ்ல ஒண்ணு பத்திரமா இருக்கும்மா” என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

செய்திமடலைப் பார்த்த மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்தேன். அலுவலகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாதுகாவலராக இருக்கும் அண்ணன்தான் பின்பக்கம் கூட்டிப் போனார். “லோரி வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு தங்கச்சி. மிச்சம் இதான்” என்றார். தகரக் கூரைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு தாள் அடுக்கு. மேலே தொட்டால் ஈரம். நடுவில் கரையான் மண்கோடு. என் படம் அதில்தான் இருந்தது. அம்மாவின் முகமும் கைகளும் பூக்கூடையும் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியே கீழே யாரோ வரைந்த மீன் தெரிந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதிய 2/4 (நான்கில் இரண்டாவது பிரதி) என்ற எண்ணும் என் கையெழுத்தும் மட்டும் அப்படியே இருந்தன. கரையானுக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. லினோ பலகை அங்கே இல்லை. அது லோரியில் போயிருக்கும்.

முன்னாள் மாணவர்களின் முகவரி கையில் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் நான் மூன்று வீடு மாறிவிட்டேன். மூன்று வீட்டுக்கும் நன்கொடைக் கடிதம் தவறாமல் வந்தது.

பினாங்கின் காற்றில் 80 விழுக்காடு ஈரப்பதம் சாதாரணம். தாளைத் தரையில் வைக்கக்கூடாது, சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது, நடுவில் காற்றுப் போக வேண்டும். இதையெல்லாம் எனக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்தது உங்கள் துறைதான்! செய்திமடலின் நடுப்பக்கத்தில் சுவா தியன் தெங் பற்றி எழுதியிருந்தீர்கள். மெழுகையும் சாயத்தையும் வைத்துப் பாத்திக் துணியில் ஓவியமே தீட்டலாம் என்று 1950களில் இதே பினாங்கில் செய்து காட்டியவர். 2008இல் காலமானார், ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தத் துணிகள் உங்கள் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்குமா?

இந்த ஊரில் கலைக்கு மரியாதை இல்லை என்றும் சொல்ல முடியாது. லெபோ ஆர்மேனியன் தெருச் சுவரில் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ள உச்சி வெயிலில் வரிசை நிற்கிறது. அந்தப் படத்தைப் பனியனிலும் சாவிக்கொத்திலும் போட்டு விற்கிறார்கள். நானும் லினோவை விட்டுவிட்டுச் சுவரில் வரைந்திருக்கலாம். சுவரை லோரியில் ஏற்ற முடியாது. “படம் வரைஞ்சு என்னத்தச் சாப்பிடப் போற” என்று கேட்ட மாமாவுக்கு அப்போது என்னிடம் பதில் இருந்தது. கரையானாவது சாப்பிட்டது என்று இப்போது போய்ச் சொல்லலாம்.

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போகிறது. உங்களுக்கு இடம் போதவில்லை என்பது எனக்குப் புரிகிறது. எல்லாவற்றையும் காலத்துக்கும் வைத்திருங்கள் என்று கேட்கவில்லை. வைத்திருக்க முடியாவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். என் படம் போனது போனதுதான். மேல்மாடியில் இன்னும் எத்தனையோ பேருடைய வேலை இருக்கிறது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அச்செடுத்த துத்தநாகத் தகடுகள் அங்கேதான் இருக்க வேண்டும். அவள் இப்போது ஜொகூரில் இருக்கிறாள், செய்திமடலின் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க மாட்டாள்.

அறையைத் திறக்கும் தேதியை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும். பட்டியல் எடுக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், இன்னும் நான்கைந்து பேரையும் கூட்டி வருவேன். கையுறையும் அட்டைப்பெட்டியும் நாங்களே கொண்டு வருவோம். ஃபெர்ரியில் பெரிய தாள்களைக் கொண்டு போவது சிரமம் என்பதால் ஒரு வேனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் தேதி மட்டும் சொன்னால் போதும்.

பணிவுடன்,
2009ஆம் ஆண்டு அச்சுக்கலை மாணவி
பட்டர்வொர்த்