உன் கவிதைத் தொகுப்பு ஓராண்டு பொறுக்கட்டும்

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

சேர்த்து வைத்த பணத்தில் உன் கவிதைகளைப் புத்தகமாகப் போடுவதா, உன் தோழி தொகுத்திருக்கும் மீனவர் சொல்லகராதி வெளிவர உதவுவதா என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்குப் பாண்டித்துரைத் தேவர் நினைவுதான் வந்தது. மதுரையில் தமிழ்ச் சங்கம் சாலை என்று ஒன்று இருக்கிறதே, அந்தச் சங்கத்தை நிறுவியவர்.

பாலவனத்தம் ஜமீன்தார், 1867இல் பிறந்தவர். அவரும் கவிஞர்தான். சிவஞானபுரம் முருகன்மீது காவடிச்சிந்து, ராஜராஜேசுவரி பதிகம் என்று பாடியிருக்கிறார். இன்று அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் மிகக் குறைவு. அவர் பேர் நிற்பது பிறர் எழுத்துக்குச் செய்த காரியத்தால்.

மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்த தேவர் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்க, தேடியும் கிடைக்கவில்லையாம். சங்கம் வளர்த்த ஊரிலேயே இந்தக் கதியா என்று நொந்துபோனார் என்பார்கள். நொந்ததோடு விடவில்லை. 1901இல் சங்கம் அமைத்து, கூடவே நூலகம், அச்சகம், கலாசாலை, ‘செந்தமிழ்’ இதழ், பண்டிதத் தேர்வு என்று வரிசையாக ஏற்படுத்தினார். உ.வே.சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்புக்கும் உதவியிருக்கிறார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவரும் இவர்தான். அதைச் சொல்லத் தொடங்கினால் கடிதம் நீண்டுவிடும்.

ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் எதுகை சரியில்லை என்று குறளையே ‘திருத்தி’ அச்சிட்டாராம். ‘எச்சத்தால்’ இருந்த இடத்தில் ‘மக்களால்’! தேவர் பிரதிகளை எல்லாம் விலைக்கு வாங்கிக் கொளுத்திவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. புத்தகத்தை எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிவிட்டு எரித்தாரே, அந்த ஜமீன்தார் மிடுக்கை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அபிதான சிந்தாமணி என்ற கலைக்களஞ்சியம் பற்றி. நம் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கும் தடித்த புத்தகம். சிறுவயதில் மேல்தட்டை எட்ட நீ ஏறி நிற்பாயே, அதுதான். தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னையில் பள்ளி ஆசிரியர். புராணப் பெயர்கள், அரசர்கள், புலவர்கள் என்று ஆண்டுக்கணக்கில் குறித்துச் சேர்த்து வைத்திருந்தார். அத்தனை பெரிய நூலை யார் அச்சிடுவார்கள்? தேவர் முன்வந்தார். 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. மறு ஆண்டே, நாற்பத்து நான்கு வயதில், தேவர் காலமாகிவிட்டார்.

கவிதை எழுதாதே என்று சொல்ல மாட்டேன். உன் கவிதைகள் ஓராண்டு கிடந்தால் கெட்டுவிடாது. கிடக்கட்டும், இன்னும் மெருகேறும். உன் தோழிக்கு அந்த மீனவர் சொற்களைச் சொன்ன கிழவர்கள் பலருக்கு எண்பது தாண்டிவிட்டது என்று நீதானே எழுதியிருந்தாய்? அவர்கள் இருக்கும்போதே புத்தகம் வர வேண்டும்.

தோழியிடம் மொத்தம் எத்தனை பக்கம் வரும் என்று கேட்டு எழுது. இங்கே இரண்டு அச்சகங்களில் விலை விசாரித்து வைக்கிறேன். மெய்ப்பு நான் பார்த்துத் தருகிறேன், கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. முன்னுரையில் உன்னைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிடப் போகிறாள். இரண்டு வரி போதும் என்று இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
அப்பா