ஜப்பானின் சிறு நகரக் கல்வி வாரியங்களுக்கு: வரும் ஆங்கில ஆசிரியருக்கு முதலில் பாடப்புத்தகத்தைக் கொடுங்கள்

வணக்கம்.

உங்கள் பள்ளிகளுக்கு வரும் துணை ஆங்கில ஆசிரியர்கள் (ஏ.எல்.டி.) முதல் மாதத்தில் தவறாமல் கேட்பது, புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதுதான். பல நேரம் அது உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் ஏப்ரலில் இலவசமாக வந்துவிடுகிறது. வெளிநாட்டு இளைஞர்களை ஜப்பானுக்கு அழைத்துவரும் அரசின் ஜெட் திட்டத்தில் வருபவர்களோ பெரும்பாலும் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் வந்து இறங்குகிறார்கள். அதற்குள் அந்த ஆண்டின் புத்தகக் கணக்கு முடிந்திருக்கும். சாதாரணப் புத்தகக் கடைகள் பள்ளிப் பாடநூல் வைப்பதில்லை. அதற்கென்று உள்ள விற்பனை நிலையங்களில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். விலை சில நூறு யென்தான். ஆசிரியர் கையேடு அப்படியில்லை. பல்லாயிரம் யென் பெறும். பொறுப்பாசிரியரின் மேசையைவிட்டு நகராது. வகுப்பில் பாதி நேரம் பேசப்போகிறவர் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாடப்புத்தகம் கூடுதலாக வாங்கி வையுங்கள். கையேட்டை வாரத்தில் ஒருநாள் அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

முன்னவர் விட்டுப்போன பட அட்டைப் பெட்டியை நம்பவும் முடியாது. தொடக்கப் பள்ளி நூல்கள் 2024இலும் நடுநிலைப் பள்ளி நூல்கள் 2025இலும் மாறிவிட்டன. சில ஊர்களில் பதிப்பகமே மாறியிருக்கும். டோக்கியோ ஷோசெகி பதிப்பகத்தின் நியூ ஹொரைசன் பாடநூலுக்குச் செய்த அட்டைகளை சான்செய்தோவின் நியூ கிரவுன் வரிசைக்குப் பொருத்த முயல்வது வீண்வேலை. பெட்டியின் மேல் பதிப்பகம், வகுப்பு, பதிப்பாண்டு, பாட எண் எழுதி ஒட்டியிருந்தால் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இணையத்திலிருந்து எடுக்கும் பயிற்சித் தாள்களிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கத் தாள் 216 மி.மீ. அகலம், ஏ4 210தான். அளவைச் சரிசெய்யாமல் அச்சிட்டால் ஓரம் வெட்டுப்படும். உங்கள் பள்ளிகள் பலவற்றில் புழங்குவது பி5, பி4 தாள்கள். ஏ4 தாளை 86 விழுக்காட்டுக்குச் சுருக்கி பி5இல் எடுத்தால் எழுத்துப் பயிற்சிக்கான நான்கு கோடுகளும் நெருங்கி, தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் பென்சிலுக்கு இடமிருக்காது. 122 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி பி4இல் எடுப்பதே நல்லது. நகல் இயந்திரத்தின் பொத்தான்கள் எல்லாம் ஜப்பானிய மொழியில் இருப்பதால், இந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி அங்கேயே ஒட்டிவிடலாம்.

நகலெடுப்பதன் எல்லையையும் சொல்லிக்கொடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பாடத்துக்குத் தேவையான அளவு நகலெடுக்கப் பள்ளி ஆசிரியரை அனுமதிக்கிறது. ஆளுக்கொன்று வாங்க வேண்டிய பயிற்சி நூலில் ஒரே பிரதி வாங்கி வகுப்பு முழுவதற்கும் நகலெடுப்பது அதில் அடங்காது. லாப நோக்கில் நடக்கும் தனிப்பயிற்சி மையங்களுக்கு அந்தச் சலுகையே இல்லை.

இனி வாசிப்பு நூல்கள். டோக்கியோவாசிக்கு ஆங்கிலப் புத்தகம் வாங்க மருனொஉச்சியில் மருசென் புத்தகக் கடையின் 4ஆம் மாடி இருக்கிறது, ஷின்ஜுகுவில் கினோகுனியா புத்தகக் கடையின் தெற்குக் கிளையில் 6ஆம் மாடி இருக்கிறது. தொலைவில் ஷிமானே மாகாண மலையூரில் இருப்பவருக்கு ரயில் கட்டணமே புத்தக விலையைத் தாண்டும். தபால் செலவில்லாமல் வெளிநாட்டுப் புத்தகம் அனுப்பிவந்த இணையக் கடையான புக் டெபாசிட்டரியும் 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. மிஞ்சுவது உங்கள் நகர நூலகம். அங்கே இல்லாததை மாகாண நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். பள்ளிக்கு மொத்தமாகக் கடன் கொடுக்கும் நூலகங்களும் உண்டு. புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. ஐ.எஸ்.பி.என். எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால்தானே!

நூலகத்துக்கு வாங்கும்போது ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளுக்கு எழுதிய படக்கதைகளை அள்ளி வராதீர்கள். படம் எளிதாகத் தெரியும்; உள்ளே இருக்கும் ஒலிக்குறிப்புச் சொற்களும் வழக்குத் தொடர்களும் நடுநிலைப் பள்ளி மாணவரை இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிடும். கற்பவருக்கென்றே நிலைவாரியாக எழுதிய நூல்களை வாங்குங்கள். அதிலும் கடைசி இரண்டு நிலைகளை விட்டுவிட்டு, கீழ்நிலை நூல்களை இரட்டைப் பிரதியாக வாங்குவதே புத்திசாலித்தனம். அட்டையில் வாசிப்பு எளிமை எண்ணையும் (எண் குறையக் குறைய நூல் எளிது) மொத்தச் சொற்களின் எண்ணிக்கையையும் ஒட்டுங்கள். தாதோகு (எளிய நூல்களை நிறைய வாசித்துப் பழகும் முறை) அலமாரி வைத்திருக்கும் நூலகங்கள் பல இப்படித்தான் செய்கின்றன. தொடங்குபவருக்கு எளிமை எண் 1க்குக் கீழே உள்ளவை போதும்.

அடுத்த நிதியாண்டின் மதிப்பீட்டை இலையுதிர் காலத்திலேயே பள்ளிகளிடம் கேட்பீர்கள். அந்தப் படிவத்தில் "துணை ஆசிரியர் பாடநூல்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பக் கோருகிறோம்.