இருபது விளித்த மக்காவுக்கு

அன்புள்ள மக்கா,

போனில் சொன்னால் "சரி சரி, அடுத்த சீட்டைப் போடு" என்பாய். அதனால் எழுதுகிறேன். பொதுவில்தான் போடுகிறேன், உன் பெயர் எங்கும் வராது, பயப்படாதே. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு நாலு சீட்டைப் பார்த்ததும் 20 விளிக்கிற ஆள் யார் என்று நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை என்பது வேறு விஷயம்.

இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஏழிலிருந்து ஆஸ் வரை 32 சீட்டு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மற்றதெல்லாம் வெறும் சீட்டு. மொத்தம் 28. ஒவ்வொரு இனத்திலும் ஜாக்கிதான் பெரியது, அடுத்து ஒன்பது, ஆஸ் அதற்குக் கீழேதான். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதை வைத்து, நம் ஜோடி எத்தனை புள்ளி எடுக்கும் என்று 14-இலிருந்து விளிக்க வேண்டும். கூடுதலாக விளித்தவன் ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மீதி நாலு வரும். வந்த இனத்தில் சீட்டு இல்லாத ஒருவன் கேட்கிற வரைக்கும் துருப்பு மூடியே இருக்கும், அதுவரை கவிழ்த்தவனும் அந்தச் சீட்டை இறக்க முடியாது.

இனி போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மார்த்தாண்டத்துக்காரன் 14 என்றான். நான் பாஸ். அவன் அத்தானும் பாஸ். நீ நேராக 20.

உன் கையில் அப்போது இருந்தது ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஜாக்கி, ஆஸ், எட்டு, அப்புறம் இஸ்பேட் ஒன்பது. ஆறு புள்ளி. பார்க்க அழகான கைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பாஸ் சொன்னதை நீ எந்தக் கணக்கில் வைத்தாய்? என் நாலு சீட்டில் டைமன் ஆஸ் ஒன்றுதான் உருப்படி. 14-க்கு மேல் ஒரு படி ஏறக்கூட என்னால் ஆகாது என்றுதான் அந்தப் பாஸுக்கு அர்த்தம். நீ அதை நெட்வொர்க் கோளாறு மாதிரி தாண்டிப் போய்விட்டாய்.

எட்டுச் சுற்றுக்கு 28 புள்ளி என்றால் சுற்றுக்கு மூன்றரை. 20 எடுக்கச் சராசரியாக ஆறு சுற்று பிடிக்க வேண்டும். நீ பார்த்தது நாலு சீட்டு, பார்க்காதது 28. அதில் உனக்கு வரப்போவது 4, எனக்கு 8, மீதி 16 அவர்களுக்கு. ஆட்டின் ஒன்பது எங்கே இருக்கும் என்று கேட்டால், ஏழில் நாலு பங்கு அவர்கள் பக்கம்தான். நான் பாஸ் சொன்ன பிறகு அது இன்னும் கூடும். நம் கணக்கில் 20-க்குக் கீழே ஜெயித்தால் 1, தோற்றால் 2. இருபதுக்கு ஏறினால் ஜெயித்தால் 2, தோற்றால் 3. அவன் 14-இல் நிற்கும்போது 15 என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். அவன் ஏறினால் நீயும் ஏறு, யார் வேண்டாம் என்றார்கள்?

விளியைக்கூட மன்னித்துவிடலாம். ஜாக்கியைக் கவிழ்த்து வைத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மார்த்தாண்டத்துக்காரன் முதலில் டைமன் ஜாக்கியை இறக்கினான். என் ஆஸ் போயிற்று, அத்தான் பத்தைப் போட்டார், உன்னிடம் ராஜா. ஐந்து புள்ளி. அடுத்தது கண்ணை மூடிக்கொண்டு ஆட்டின் ஒன்பது! ஜாக்கி வெளியே இருக்கும்போது எவனாவது ஒன்பதை இறக்குவானா? அவன் இறக்குவான், ஏனென்றால் உன்னை அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். ஜாக்கி கவிழ்ந்து கிடக்கிறது, உன் கையில் ஆஸும் எட்டும். நான் ஏழு, அத்தானிடம் இருந்த ஒரே ஆட்டின் பத்து, நீ எட்டு. மொத்தம் எட்டு புள்ளி போயாயிற்று. மூன்றாவது இஸ்பேட் ஜாக்கி, கூடவே அத்தானின் ஆஸ். பன்னிரண்டு. மீதி ஐந்து சுற்றையும் சிந்தாமல் பிடித்தாலும் நமக்கு 16-தான்.

எட்டைக் கவிழ்த்திருந்தால் அந்த ஒன்பதையும் பத்தையும் உன் ஜாக்கி அள்ளியிருக்கும், ஆட்டமும் உன் கைக்கு வந்திருக்கும். அப்போதும் 20 கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் மூன்றே சுற்றில் மானம் போயிருக்காது.

ஜாக்கியும் ஒன்பதும் ஆஸுக்கு மேலே ஏறி உட்காரும் இந்த வழக்கம் ஒல்லாந்து, அதாவது டச்சு, சீட்டாட்டத்திலும் துருப்புக்கு உண்டு. அந்த ஒல்லாந்தர் 1741-இல் நம் குளச்சலில்தான் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். அவர்களும் நாலு சீட்டைப் பார்த்து 20 விளித்திருப்பார்கள் போல.

புன்னை மரத்தடியில் ஆடியபோது உன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். ஜாக்கி வந்தால் காலை ஆட்டுவாய். உன்னைப் பார்த்து நானும் சமாளித்துக்கொள்வேன். இப்போது செயலியில் தெரிவது நாலு வட்டப் படம், பச்சைத் துணி, ஓடுகிற கடிகாரம். உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது விளி ஒன்றுதான். இருந்தும் இந்த ஆட்டத்தை விட மனமில்லை. சென்னையில் என் அறையில் ரம்மிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வருவார்கள். இருபத்தெட்டு என்றால் கேரளத்துப் பையன் ஒருவன்தான் தலையைத் தூக்குவான். 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டத்துக்காரர்களான நாமும் அந்தப் பக்கம் இருந்தவர்கள், ஆட்டம் மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உன் நேரம் எட்டரை, எனக்குப் பத்து மணி. துருப்புக்குச் சின்னச் சீட்டைக் கவிழ். நான் பாஸ் சொன்னால் 16-க்கு மேல் போகும்முன் ஒருமுறை தண்ணீர் குடி. முன்பு தோற்றால் ஈர்க்கில் கோர்த்துத் தென்னங்குரும்பையைக் காதில் குணுக்காகத் தொங்கவிடுவார்களே, அத்தான் அதை உன் கல்யாணப் போட்டோவில் வரைந்து குழுவின் முகப்புப் படமாக வைத்திருக்கிறார். நம் ஆட்டம் ஒன்று ஜெயிக்கும் வரை எடுக்கமாட்டாராம். உன் மாமியாரும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது நினைவிருக்கட்டும்.

உன் ஜோடி