மல்லிகாவுக்கு, கவின் விஷயமா

ஏய் மல்லி,

நல்லா இருக்கியா, வீட்ல அண்ணன், பாப்பா எல்லாம் சௌக்கியமா. இங்க நாங்க நல்லா தான் இருக்கோம். பெஞ்சல் புயல்ல ஊறுன பீரோ கதவு இன்னும் மூட மாட்டேங்குது, அவரு ரிட்டையர்மெண்ட்டுக்கு நாள் எண்ணிட்டு இருக்காரு, ஜெயா பொண்ணுக்கு ஒரு வழியா வரன் முடிஞ்சிடுச்சு, அவ்ளோ தான் மஞ்சக்குப்பம் நியூஸ். வாட்சப்ல எழுதினா நீ பாதி படிச்சுட்டு ஒரு கும்பிடு பொம்மைய போட்டுட்டு ஓடிடுவ, அதான் மெயில்ல அடிக்கிறேன். முழுசா படி, கடைசில உன்கிட்ட ஒரு வேலை இருக்கு.

போன வாரம் தங்கச்சி சுமதி போன் பண்ணி ஓன்னு அழுவுறா. என்னடின்னா அவ பையன் கவின் சைக்கோ ஆயிடுவானாம். நம்ம கவின் டி! நாலாவது படிக்குறவன்! யாரு சொன்னதுன்னா அவ மச்சாண்டார். மனுஷன் வேலைல இருந்து ரிட்டையர் ஆனதுல இருந்து யூட்யூப் தான் கதி, அதுல 'சீரியல் கில்லர் ஆகப்போற குழந்தைக்கு மூணு அறிகுறி'ன்னு ஒரு வீடியோ பாத்துருக்காரு. படுக்கைய நனைக்கிறது, தீ வைக்கிறது, மிருகத்த கொடுமை பண்றது. கவின் மூணும் பண்றான்னு சாப்பிடும்போது எல்லார் எதுர்லயும் விரல் விட்டு எண்ணி காட்டிருக்காரு. பையனும் பக்கத்துல உக்காந்து சாப்டுட்டு இருந்தானாம்.

அந்த மூணு என்னான்னு கேளு. அவன் அப்பா துபாய் போனதுல இருந்து ராத்திரில ஒண்ணுக்கு போயிடுறான். மொட்டை மாடில பழைய பேப்பர கொளுத்துனான். பூனை வால்ல கேரி பேக் கட்டி விட்டான். இதே லிஸ்ட்ட வச்சுப் பாத்தா கிழக்கால தெருவுல வளந்த நம்ம பசங்க எல்லாரும் இன்னேரம் கேப்பர் மலை ஜெயில்ல தான் இருக்கணும், உன் தம்பி ஓணானுக்கு பண்ணதெல்லாம் நான் இங்க எழுதல.

நான் சும்மா விடுவேனா, தோண்ட ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சது இந்த லிஸ்ட்ல, இப்ப ராத்திரி ஒரு மணி வரைக்கும் கொலைகாரங்க கதையாவே படிச்சுட்டு இருக்கேன், அவரு காபி டம்ளர வாங்கி ஒரு தடவ மோந்து பாத்துட்டு தான் குடிக்கிறாரு. லிஸ்ட்டோட கதைய முதல்ல சொல்லிடுறேன். 1963ல ஜான் மெக்டொனால்டுன்னு ஒரு மனநல டாக்டர், அமெரிக்காவுல கொலராடோல, 'கொன்னுடுவேன்'னு மிரட்டுன 100 பேஷண்ட்டுங்கள வச்சு ஒரு கட்டுரை எழுதுனாரு. மிரட்டுனவங்க டி, கொன்னவங்க இல்ல. அந்தக் கணக்குல நம்ம ஹாஸ்டல் வார்டனம்மா தினம் மூணு வேளை லிஸ்ட்ல வருவாங்க. அப்புறம் அவரே திரும்ப ஆராஞ்சு பாத்து கொலைக்கும் இந்த மூணுக்கும் பெருசா சம்பந்தம் கிடைக்கலன்னுட்டாரு. ஆனா 70கள் கடைசில அமெரிக்காவோட மத்திய போலீஸ் எஃப்பிஐ ஆளுங்க ஜெயில்ல இருந்த 36 கொலைகாரங்கள உக்கார வச்சு பேட்டி எடுத்தாங்க, அதுல சில பேரு சின்ன வயசுல இதெல்லாம் பண்ணேன்னு சொல்லவும் லிஸ்ட்டு மறுபடி உசுரு வந்து ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஜெயில்ல இருக்கவன கேட்டா அவன் கதைய சொல்லுவான், அதே மாதிரி பாயி நனைச்சு வளந்து இன்னிக்கு பேங்க்ல கேஷியரா உக்காந்துருக்கவன யாரு போய் கேட்டா?

5 வயசுல 100 பசங்கள்ல 15 பேரு படுக்கைய நனைக்கிறாங்க, 10 வயசுல கூட 5 பேரு. இத மச்சாண்டார் கிட்ட சொன்னேன், "அதெல்லாம் வெளிநாட்டு கணக்கு"ங்குறாரு. அவரு பாத்த வீடியோ மட்டும் ஏதோ பாகூர்ல எடுத்த மாதிரி.

ஆனா மிருகத்த வதைக்கிறத மட்டும் நான் லேசா எடுத்துக்க மாட்டேன் மல்லி. திரும்ப திரும்ப, வேணும்னே, அது துடிக்கிறத நின்னு ரசிச்சு பண்ணா கவனிக்கணும்னு தான் எல்லாரும் எழுதிருக்காங்க. அப்பவும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இந்தக் குழந்தைய வீட்ல யாராவது அடிக்கிறாங்களா, தப்பா நடந்துக்குறாங்களாங்குறது தான். அடி வாங்கி வளந்த கொலைகாரங்க நிறைய பேரு இருக்காங்க, நிஜம். அடி வாங்கி வளந்து ஒரு எறும்ப கூட மிதிக்காதவங்க அதவிட லட்சம் மடங்கு இருக்காங்களே.

சரி, அப்ப பெரியவங்க ஆனப்புறமாவது இவங்களுக்குன்னு ஒரு பொது அடையாளம் இருக்கான்னு பாத்தேன். இங்க தான் எனக்கு தூக்கம் போச்சு. 2005ல எஃப்பிஐ சான் அன்டோனியோல நிபுணர்கள எல்லாம் கூட்டி வச்சு பேசிட்டு, தனித்தனி சம்பவத்துல ரெண்டு பேரையோ அதுக்கு மேலயோ கொன்னா சீரியல் கில்லர்னு ஒரு வரையறை போட்டாங்க. அதோட சினிமா பாத்து நாம நம்புற எல்லாத்தயும் ஒவ்வொண்ணா கழட்டிட்டாங்க. தனியா இருட்டு ரூம்ல இருக்குறவன்? இல்ல, நிறைய பேரு பொண்டாட்டி புள்ளையோட இருக்கானுங்க. மேதாவி? கிடையாது. அமெரிக்கால 49 கொலைக்கு தண்டனை வாங்குன கேரி ரிட்ஜ்வே லாரிக்கு பெயிண்ட் அடிக்கிறவன், அறிவு சராசரிக்கும் கீழ. மாட்டணும்னு உள்ளுக்குள்ள ஆசைப்படுவாங்களா? அதுவும் இல்ல, மாட்ட மாட்டோம்னு திமிரு ஏறி ஏறி கோட்டை விடுறது தான். கான்சாஸ்ல டென்னிஸ் ரேடர்னு ஒருத்தன், 1974ல இருந்து 1991 வரைக்கும் 10 கொலை, சர்ச் கமிட்டிக்கு தலைவர், ரெண்டு புள்ளைக்கு அப்பன். போலீஸுக்கே லெட்டர் போட்டு சீண்டுவான், அத கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி டிஸ்க்குல அனுப்புனா கண்டுபிடிக்க முடியுமான்னு அவங்களையே கேட்டுருக்கான், முடியாதுன்னு பேப்பர்ல விளம்பரம் குடுத்து சொன்னாங்க, அத நம்பி அனுப்புனான். சர்ச் பேரும் 'டென்னிஸ்'னும் அந்த ஃப்ளாப்பிலயே பதிஞ்சு இருந்துச்சு! 2005ல புடிச்சுட்டாங்க. போலீஸ் பொய் சொல்லிடுச்சேன்னு அவனுக்கு வருத்தம் வேற.

சைக்கோபாத்னு சொல்றோம்ல, அதுக்கு ராபர்ட் ஹேர்னு ஒருத்தரு செஞ்ச அளவுகோல் இருக்கு. 20 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க், மொத்தம் 40. வழிஞ்சு வழிஞ்சு பேசுறது, கூசாம பொய், குற்ற உணர்ச்சியே இல்லாம இருக்குறது, அடுத்தவன் உழைப்புல சாப்புடுறது, இப்படி போகும். 30ஓ அதுக்கு மேலயோ வந்தா அமெரிக்கால சைக்கோபாத்ம்பாங்க. அதயும் ட்ரெயினிங் எடுத்தவங்க பழைய ரெக்கார்ட எல்லாம் படிச்சு, நேர்ல பேசி தான் போடணும். நான் ட்ரெயினிங் இல்லாமலே மச்சாண்டாருக்கு போட்டுப் பாத்தேன், பாஸ் ஆகல, பாவம் வெறும் வாய் தான். அந்த மாதிரி ஆளுங்கள்லயே ரொம்ப ரொம்ப பேரு யாரையும் கொல்றதில்ல, சீட்டு கம்பெனி நடத்தி ஊர ஏமாத்திட்டு போயிடுறாங்க.

உன் பேருல ஒருத்தி இருக்கா தெரியுமா? பெங்களூர் கெம்பம்மா, சயனைடு மல்லிகான்னு பேரு. கோயில்ல கண்ண கசக்கிட்டு நிக்குற பொண்ணுங்களா பாத்து பக்கத்துல உக்காந்து, என்னம்மா கஷ்டம்னு ஆதரவா கேட்டு, ஒரு விசேஷ பூஜை இருக்கு, இருக்குற நகை எல்லாம் போட்டுகிட்டு வான்னு சொல்லி, தீர்த்தத்துல கலந்து குடுத்துடுவா. இனிமே நீ எனக்கு பானகம் கரைச்சு குடுத்தா முதல்ல அண்ணன் குடிக்கட்டும்.

சிரிச்சுட்டே தான் படிச்சுட்டு வந்தேன், சயனைடு மோகன் கிட்ட வந்ததும் சிரிப்பு போயிடுச்சு. தட்சிண கன்னடத்துல பிரைமரி ஸ்கூல் வாத்தியார் டி, எங்க அப்பா மாதிரி. 2003ல இருந்து 2009 வரைக்கும் 20 பொண்ணுங்க. வரதட்சணைக்கு வழி இல்லாம கல்யாணம் தள்ளிப்போன ஏழை வீட்டு பொண்ணுங்களா பாத்து, ஜாதகம் வேணாம், வரதட்சணை வேணாம், கட்டிக்கிறேன்னு சொல்லி வெளியூர் லாட்ஜுக்கு கூட்டிட்டு போவான். காலைல நகைய ரூம்லயே கழட்டி வச்சுட்டு வரச் சொல்லி பஸ் ஸ்டாண்டுக்கு கூட்டிட்டு வந்து, கர்ப்பம் தங்காம இருக்க மாத்திரைன்னு ஒண்ண குடுத்து, குமட்டும், டாய்லெட்ல போய் போட்டுக்கோன்னு அனுப்புவான். அது உள்ளயே கதவ சாத்திகிட்டு விழுந்து செத்துடும். இவன் ரூமுக்கு திரும்பி போய் நகைய எடுத்துட்டு ஊருக்கு பஸ் ஏறிடுவான். எவனாவது பூட்டுன கதவ உடைச்சு பாத்தா பட்டு சேலைல ஒரு பொண்ணு, பேரு தெரியாது, ஊரு தெரியாது. தற்கொலை, இல்லன்னா வலிப்புன்னு எழுதி முடிச்சிடுவாங்க.

ஒரே மாதிரி, பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா, ஆறு வருஷம்! வீட்டாளுங்க ஏன் தேடலன்னா 'எவன் கூடயோ ஓடிட்டா'. மானம் போயிடும்னு நிறைய பேரு கம்ப்ளைண்ட்டே குடுக்கல. 2009ல ஒரு பொண்ணு காணாம போனப்ப ஊரே திரண்டு போலீஸ் ஸ்டேஷன் முன்னாடி நின்னு கத்துனதால தான் போன் ரெக்கார்ட தோண்டுனாங்க, அதுல ஒரு நம்பர்ல இருந்து இன்னொரு நம்பர்னு போய் இவன் கிட்ட முடிஞ்சுது.

அப்ப இருந்து எனக்கு கொலைகாரன பத்தின இன்ட்ரஸ்டே போயிடுச்சு. பழைய கேஸ எல்லாம் திரும்ப எடுத்து, செத்தது யாருன்னு மட்டும் பாத்தேன். ரிட்ஜ்வே வாயாலயே சொன்னான், பாலியல் தொழில் பண்றவங்கள எடுத்தா காணோம்னு உடனே யாரும் சொல்ல மாட்டாங்கன்னு. பம்பாய்ல 60கள்ல ராமன் ராகவ் அடிச்சு கொன்னது ராத்திரில பிளாட்ஃபாரத்துலயும் குடிசைலயும் தூங்குனவங்கள. அவனுக்கு நிஜமாவே மனச்சிதைவு, அதனால தான் தூக்கு தண்டனைய ஆயுள் தண்டனையா குறைச்சாங்க, ஆனா அப்படி நோய் இருக்குறவன் இந்த லிஸ்ட்ல அபூர்வம். அந்த நோய் வந்த நம்ம ராஜி சித்தி ஒரு ஈய அடிச்சு நான் பாத்ததில்ல. இங்கிலாந்துல ஹரால்ட் ஷிப்மேன்னு ஒரு டாக்டர், அவன் ஊசி போட்டது பெரும்பாலும் தனியா இருந்த வயசான அம்மாக்களுக்கு. 2000ல 15 கொலைக்கு தீர்ப்பு வந்துச்சு, அப்புறம் விசாரணை கமிஷன் வச்சு எண்ணுனா 215. வயசாச்சு, போயிட்டாங்க, டாக்டரே சர்டிபிகேட் எழுதிட்டாரு, யாரு கேப்பா. நம்ம ஆட்டோ சங்கர் கதையவும் சேத்துக்கோ. 1988ல திருவான்மியூர்ல எத்தன பேரு கண்ண மூடிகிட்டு இருந்துருப்பாங்க? சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 94ல நக்கீரன் பத்திரிகை ஜெயிச்சு அவன் கதைய போட்டப்ப நாம ரெக்கார்ட் நோட்டுக்குள்ள வச்சு படிச்சோமே, செத்தவங்க பேரு ஒண்ணாவது உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல.

மூணு அறிகுறி, பத்து அறிகுறின்னு குழந்தைங்க மூஞ்சில தேடுறவங்க எவனும் இத ஒரு வீடியோ போட மாட்டேங்குறான். காணாம போனவள உடனே தேடுற ஊர்ல இவனுங்க இருவது வரைக்கும் போக முடியாதுல்ல?

சரி, கவின். ஞாயித்துக்கிழமை காலைலயே பாண்டி பஸ் ஏறி முத்தியால்பேட்டை போனேன். வாசல்லயே அந்தப் பூனை அவங்க ஸ்கூட்டி சீட்டு மேல நல்லா மல்லாந்து தூங்குது. வீட்ல தீப்பெட்டி எல்லாம் பரண் மேல ஏறிடுச்சு, சுமதி விளக்கேத்த ஸ்டூல் போட்டு ஏறுறா. மச்சாண்டார் கத்திரிக்கோல கூட பீரோல வச்சு பூட்டிருக்காரு. பையன் யார் கிட்டயும் பேசல. எனக்கு தெரியாம ஒரு வேலை பண்ணிட்டு இருந்தான், நனைஞ்ச பெட்ஷீட்ட பாத்ரூம்ல தானே அலசி, கொடில போட்டா பெரியப்பா பாப்பாருன்னு தண்ணி டேங்க் பின்னாடி கொண்டுபோய் விரிச்சுட்டு இருந்தான். நான் போய் இன்னொரு முனைய புடிச்சேன். புழியும்போது கேட்டான், "பெரியம்மா, சைக்கோன்னா ஜெயில்ல போடுவாங்களா, ஆஸ்பத்திரில போடுவாங்களா?"

நான் கீழ எறங்கி வந்து என்னா பேசுனேன்னு சுமதிய கேட்டு தெரிஞ்சுக்கோ. இனிமே அவங்க மச்சாண்டார் வீட்டு பந்தில எனக்கு எலை போட மாட்டாங்க.

இப்ப உன் வேலை. அஞ்சு வயசுலயே படுக்கைய நனைக்கிறத நிறுத்துன பையன் அப்பா போனப்புறம் திரும்ப ஆரம்பிச்சா அது பெரும்பாலும் மனசு வாட்டம், ஆனா சுகர், யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல் இதெல்லாம் கூட பாத்துடணும்னு படிச்சேன். யூரின் டெஸ்ட், சுகர் ரெண்டும் நாளைக்கு எடுக்குறோம். அடுத்து ஜிப்மர்ல மனநல ஓபிக்கு கூட்டிட்டு போலாம்னு நான் சொல்றேன், சுமதி பயப்புடுறா, அங்க போனா மச்சாண்டார் சொன்னது உண்மைன்னு ஆயிடுமாம். உன் பாப்பா குழந்தைங்க கவுன்சிலிங் தானே பண்றா, அவள ஒரு பத்து நிமிஷம் சுமதி கிட்ட பேச சொல்லு. நான் சொன்னா அக்கா சொல்றா, அவ சொன்னா படிச்சவ சொல்றா. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல பண்ண சொல்லு, அப்ப தான் மச்சாண்டார் காதுல ஹெட்போன மாட்டிகிட்டு மாடிக்கு போவாரு. துபாய்ல இருக்க மாப்பிள்ளை கிட்ட நானே பேசுறேன், தினம் ராத்திரி பையன் கிட்ட வீடியோ கால்ல வரணும்னு, அது என் பொறுப்பு.

பண்ருட்டி முந்திரி ரெண்டு கிலோ வாங்கி வச்சுருக்கேன், முழுசு, ஜெயா வீட்டுக்காரர் திங்கக்கிழமை கோயம்புத்தூர் வராரு, குடுத்து விடுறேன். டப்பாவ திருப்பி அனுப்பு, போன தடவ அனுப்புன எவர்சில்வர் தூக்கு இன்னும் வரல.

வசந்தி