அச்சு வேறு, அளவாக மருந்து விடுவது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துகளை முப்பரிமாண முறையில் அச்சிடுவது பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால், உடலுக்குள் பல நாள் நின்று மெதுவாக வேலை செய்யும் மருந்துக்கு எடுத்துக்காட்டாக, 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஸ்பிரிட்டம் என்னும் வலிப்புநோய் மாத்திரையை அதில் குறிப்பிட்டிருந்தது சரியன்று. ஒரு மிடறு தண்ணீர் பட்டதும் வாயிலேயே சில நொடிகளில் கரைந்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்த மாத்திரை அச்சிடப்படுகிறது. விழுங்கச் சிரமப்படுவோருக்கு அது உதவி.

மெதுவாக மருந்து விடும் வேலையைச் செய்வது, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பாலிமர். லாக்டிக் அமிலத்தையும் கிளைக்காலிக் அமிலத்தையும் இணைத்துச் செய்யும் பி.எல்.ஜி.ஏ. என்னும் பாலிமர் உடலின் ஈரத்தில் சிறிது சிறிதாக அறுந்து, மறுபடி அவ்விரு அமிலங்களாகவே மாறிவிடும். அதில் லாக்டிக் பங்கைச் சரிபாதிக்கு மேல் கூட்டக் கூட, கரையும் காலம் நீளும். இத்தகைய நுண்துகள்களில் அடைத்த லியூப்ரோலைடு என்னும் மருந்து, புரோஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியாக 1989-லேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதில் அச்சு இயந்திரத்துக்கு வேலையே இல்லை. அச்சு கூடுதலாகத் தருவது வடிவத்தை: எலும்பில் விழுந்த பள்ளத்துக்குப் பொருந்தும்படி, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல பாலிமரை இழை இழையாக அடுக்கலாம், இழையின் தடிமனையும் இடைவெளியையும் மாற்றினால் ஈரம் புகும் வேகமும் மருந்து வெளியேறும் வேகமும் மாறும்.

இதன் தேவையை நான் வீட்டிலேயே உணர்ந்தேன். என் தமையனாரின் காலெலும்பில் சீழ் பிடித்தபோது, இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் ஜென்டாமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து கலந்த எலும்புச் சிமென்ட் மணிகளை உள்ளே வைத்தார்கள். தொற்று ஆறியது, நல்ல வைத்தியம்தான். ஆயினும் அந்தச் சிமென்ட் கரையாது என்பதால், மணிகளை எடுக்க மறுபடியும் அறுவை செய்ய நேர்ந்தது. மருந்தை விட்டு, எலும்பு வளர இடமும் கொடுத்து, தானும் கரைந்துபோகும் சாரம் கிடைத்திருந்தால் அந்த இரண்டாம் அறுவை மிச்சமாகியிருக்கும்.

கட்டுரை தொடாமல் விட்ட சிக்கல்கள் பல. மேற்பரப்பில் ஒட்டியுள்ள மருந்து முதல் நாளிலேயே குபுகுபுவென்று வெளியேறிவிட்டால், பிந்தைய நாட்களில் கிருமியைக் கொல்லாத அளவே கசியும். கிருமி மருந்தை எதிர்க்கப் பழகுவதற்கு அதுவே வழி. லாக்டிக் அமிலத்தால் மட்டும் ஆன பாலிலாக்டிக் அமில இழையை உருக்கி அச்சிட ஏறத்தாழ 200 டிகிரி வெப்பம் வேண்டும். அதைத் தாங்காத மருந்துகளை முதலில் நுண்துகளில் அடைத்து, அச்சிட்ட சாரத்தில் பிறகு ஏற்ற வேண்டியிருக்கிறது. பாலிகேப்ரோலாக்டோன் என்னும் இன்னொரு பாலிமர் 60 டிகிரியிலேயே உருகும் என்பதால், 121 டிகிரி நீராவியில் அதைக் கிருமிநீக்கம் செய்ய முடியாது; காமாக் கதிரைப் பாய்ச்சினாலோ பி.எல்.ஜி.ஏ.வின் சங்கிலிகள் அறுந்து, கணக்கிட்டதற்கு முன்பே கரையத் தொடங்கும். நம் சென்னையின் புழுக்கத்தில், உறைக்குள் ஈரம் புகுந்தாலும் இதே கதைதான்.

ஆகவே, இத்துறை ஆய்வுகளைப் பற்றி இனி எழுதும்போது, இயந்திரத்தின் படத்தோடு நிறுத்தாமல், கிருமிநீக்கம் செய்த பிறகு உடல் வெப்பமான 37 டிகிரியில் சோதித்தார்களா, முதல் நாள் எவ்வளவு மருந்து வெளியேறியது, எத்தனையாவது நாளில் அது தேவையான அளவுக்குக் கீழே போனது என்பனவற்றையும் ஆய்வாளர்களிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை.